பனித்துளையா, படகா? தூண்டில்காரர்களின் தீராத வழக்கு

ஏரியில் தூண்டில் போடுவதில் எது அதிக சுகம்? கோடையில் படகில் உட்கார்ந்து பிடிப்பதா, குளிர்காலத்தில் அதே ஏரி உறைந்த பிறகு அதன் மேல் நடந்து போய், பனிக்கட்டியில் துளை போட்டுப் பிடிப்பதா? அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களில் இது நம்மூர் டீக்கடையின் "எம்ஜிஆரா, சிவாஜியா" மாதிரி ஓயாத வழக்கு. நான் இரண்டு கட்சியிலும் இல்லை. எனக்குத் தெரிந்த பனிக்கட்டியெல்லாம் கரும்புச்சாறு கடையில் மரத்தூளுக்குள் கிடப்பதுதான் :). ஆனால் இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் சுவாரசியமான வரலாறு இருக்கிறது. அதில் கோர்ட்டு கேஸ் இருக்கிறது, கல்லெறி இருக்கிறது, உருகிப் போன ஒரு ஐஸ்கிரீமும் இருக்கிறது.

உறைந்த ஏரிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். சென்னை மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் கட்டடத்தின் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரெடெரிக் டியூடரின் பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842ல் கட்டப்பட்டது. மாசசூசெட்ஸ் ஏரிகள் உறைந்ததும் அவற்றைப் பாளம் பாளமாக வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள். 1833ல் கல்கத்தாவுக்குப் போனது, பிறகு சென்னைக்கும் வந்தது.

அந்தப் பனி வெட்டும் கூட்டம் 1846-47 குளிர்காலத்தில் வால்டன் என்ற குளத்துக்கும் வந்தது. அங்கே குடிசை போட்டுத் தனியாக வாழ்ந்துகொண்டிருந்த ஹென்றி டேவிட் தோரோ அதைப் பார்த்து எழுதி வைத்தார். 1854ல் வெளிவந்த 'வால்டன்' நூலில், தன் குளத்துத் தண்ணீரைக் குடிக்கப் போகிறவர்களின் பட்டியலில் மதராஸ்காரர்களையும் சேர்த்திருக்கிறார்! உண்மையில் அந்தக் குவியலில் பெரும்பகுதி கரையிலேயே உருகிக் குளத்துக்கே திரும்பிவிட்டது. அது வேறு கதை.

தோரோவை நான் இழுத்து வரக் காரணம், நம் வழக்கின் முதல் சாட்சியே அவர்தான். ஒரே குளம், ஒரே மனிதர், இரண்டு பருவம். கோடை இரவுகளில் படகை நடுக்குளத்துக்கு ஓட்டிப் போய், நங்கூரம் போட்டு, நிலா வெளிச்சத்தில் நீளமான தூண்டில் நரம்பை ஆழத்தில் விட்டுக் காத்திருப்பார். அவர் மனது எங்கேயோ வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது, கீழே இருட்டிலிருந்து நரம்பை ஏதோ ஒன்று லேசாக இழுக்கும். அந்தச் சின்ன இழுப்பு தன்னைத் திரும்பவும் பூமியோடு சேர்த்தது என்கிற பொருளில் எழுதுகிறார். படகுக் கட்சிக்காரர்கள் இதைவிட நல்ல வக்கீலைத் தேட முடியாது.

ஆனால் குளிர்காலம் வந்ததும் அதே ஆள் கட்சி மாறிவிடுகிறார். பனியை வெட்டித் துளை போட்டுக் குனிந்து பார்த்தால் மீன்களின் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி இருக்கிறதாம். பிக்கரல், பெர்ச் மீன்களுக்காக அதிகாலையில் தூண்டிலோடு வரும் சாதாரண மனிதர்களை அவர் மரியாதையோடு வர்ணிக்கிறார். புத்தகத்தில் எழுதியிருப்பதைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும் என்பது அவர் கட்சி. இன்னொரு விஷயம். அந்தக் குளத்துக்கு அடியே இல்லை என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. தோரோ 1846ன் தொடக்கத்தில், பனிக்கட்டி மேல் நடந்து நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கயிறு விட்டு அளந்து, அதிகபட்ச ஆழம் 102 அடி என்று சொல்லிவிட்டார். ஆடும் படகிலிருந்து அவ்வளவு துல்லியமாக அளந்திருக்க முடியாது. ஏரி உறைந்தால் அது தரையாகிவிடுகிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

ஏரியே உறைந்துவிட்டால் மீன் எப்படி உயிரோடு இருக்கும்? பத்தாம் வகுப்பு இயற்பியல்தான் பதில். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதனால் 4 டிகிரித் தண்ணீர் அடியில் தங்கிவிடும், அதைவிடக் குளிர்ந்தது மேலே வந்து உறையும். பனிக்கட்டி மிதக்கும், ஏரிக்கு ஒரு மூடி போட்டது மாதிரி ஆகிவிடும். மூடிக்குக் கீழே மீன்கள் மெதுவாக, குறைவாகத் தின்றுகொண்டு குளிர்காலத்தை ஓட்டும். கோடையில் ஆவேசமாகக் கவ்வுகிற மீன் குளிர்காலத்தில் இரையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஆகவே இரண்டும் ஒரே விளையாட்டு இல்லை. கருவி வேறு, பொறுமை வேறு, மீனின் மனநிலையே வேறு.

இது "விளையாட்டு" ஆனது சமீபத்தில்தான். அதற்கு முன் வயிற்றுப்பாடு. அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றி வாழும் ஒஜிப்வே மக்கள் பனியில் துளை போட்டு, அதன் மேல் தோலையோ போர்வையையோ கூடாரம் மாதிரி போட்டுக்கொண்டு குப்புறப் படுத்துக்கொள்வார்கள். மேலே இருட்டாக இருந்தால் கீழே தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாகத் தெரியும். ஒரு கையில் மரத்தில் செதுக்கிய பொய்மீன், நூலில் கட்டி நீந்துவது மாதிரி ஆட்டுவார்கள். இன்னொரு கையில் ஈட்டி. பொய்மீனை நம்பிப் பெரிய மீன் வந்து நின்றதும் ஒரே குத்து. அந்தப் பொய்மீன்கள் இன்று அருங்காட்சியகங்களில் கலைப்பொருளாக இருக்கின்றன. செய்தவர்களுக்கு அது இரவுச் சாப்பாடு.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். சுவீடனைச் சேர்ந்த பாதிரியார் ஓலாஸ் மேக்னஸ் 1555ல் ரோமில் வெளியிட்ட வடநாட்டு மக்களைப் பற்றிய பெரிய நூலில், பனிக்கு அடியில் வலை விடுவதை விவரித்துப் படமும் போட்டிருக்கிறார். பெரிய துளை ஒன்று, அதிலிருந்து வரிசையாகச் சின்னத் துளைகள். நீளமான கம்பில் கயிற்றைக் கட்டித் துளைக்குத் துளை தள்ளிக்கொண்டே போனால் வலை பனிக்கு அடியில் விரிந்துவிடும். சீனாவின் ஜிலின் மாகாணத்தில் சகான் ஏரியில் இன்றும் குதிரைகளை வைத்துச் சக்கரம் சுற்றி இப்படித்தான் வலை இழுக்கிறார்கள். இப்போது அது சுற்றுலாப் பயணிகள் வேடிக்கை பார்க்கும் திருவிழாவாகவும் ஆகிவிட்டது.

சரி, படகுப் பக்கம் வருவோம். அதே ஒஜிப்வே மக்கள் வசந்த காலத்தில் பிர்ச் மரப்பட்டைப் படகில், இரவில் தீப்பந்தம் கட்டிக்கொண்டு போவார்கள். முட்டையிடக் கரையோரம் வரும் மீனின் கண்கள் வெளிச்சத்தில் மின்னும், ஈட்டியால் குத்துவார்கள். இதைப் பார்த்த பிரெஞ்சுக்காரர்கள் ஓர் ஏரிக்கு "பந்தங்களின் ஏரி" என்ற பொருளில் லக் டு ஃபிளாம்போ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். விஸ்கான்சினில் அந்த ஊர் இன்றும் அதே பெயரில் இருக்கிறது.

படகுச் சவாரியைப் பொழுதுபோக்காக மாற்றியதில் பெரிய பங்கு ஒரு இயந்திரத்துக்கு. நார்வேயில் பிறந்து விஸ்கான்சினில் வளர்ந்த ஓலே எவின்ரூட் என்ற மெக்கானிக், ஒரு கோடை நாளில் தன் காதலி பெஸ் ஐஸ்கிரீம் கேட்டார் என்று ஏரியின் அக்கரைக்குத் துடுப்பு போட்டுப் போனாராம். வாங்கித் திரும்புவதற்குள் எல்லாம் உருகிவிட்டது. அந்தக் கடுப்பில்தான் படகின் பின்னால் மாட்டும் மோட்டாரை யோசித்தார் என்பது பரம்பரையாகச் சொல்லப்படும் கதை. இதேபோன்ற மோட்டாரை அவருக்குக் கொஞ்சம் முன்பே கேமரன் வாட்டர்மேன் என்பவர் விற்கத் தொடங்கியிருந்தார். ஆனால் 1909ல் வந்த எவின்ரூட் மோட்டார்தான் பிரமாதமாக ஓடியது. ஒன்றரைக் குதிரைத்திறன், 62 பவுண்டு எடை, 62 டாலர் விலை. பவுண்டுக்கு ஒரு டாலர்! காதலியே மனைவியாகி, வியாபாரக் கடிதங்களையும் விளம்பரத்தையும் பார்த்துக்கொண்டார்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அலுமினியப் படகுகள் வந்தன. கனமில்லை, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகலாம். 1950களின் இறுதியில் கார்ல் லோரன்ஸ், தூண்டில்காரர்களுக்காகவே ஒலியலை வைத்து மீனைக் காட்டும் சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார். படகுக்காரனின் உண்மையான சுகம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது தேடும் சுகம். இங்கே இல்லையா, அங்கே போ. பாறை ஓரம், களைச்செடி ஓரம், ஆற்று முகத்துவாரம் என்று ஏரி முழுக்க அவன் கையில். தூரமாக வீசலாம், மீன் ஓடினால் பின்னாலேயே போகலாம், வெயிலும் காற்றும் இலவசம்.

பனிக்காரனுக்கு அந்த வசதி இல்லை. அவன் ஏரி ஒரு சாண் அகலத் துளை. ஆனால் அதைச் சுற்றி ஓர் ஊரே முளைக்கிறது. மினசோட்டாவில் மில் லாக்ஸ் என்று ஓர் ஏரி, 500 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரப்பு. உறைந்து கெட்டியானதும் அதன் மேல் பாதை போட்டு, அடையாளக் கம்பு நட்டு, ஆயிரக்கணக்கான குடிசைகளை இழுத்து வந்துவிடுவார்கள். உள்ளே அடுப்பு, சீட்டுக்கட்டு, சூப்பு. குழந்தைகள் வெளியே பனிச்சறுக்கு. தூண்டிலில் மணி கட்டியிருக்கும், அது அடித்தால் ஓடினால் போதும். மாநிலச் சட்டமும் பனிக்காரனுக்குச் சலுகை தருகிறது. திறந்த நீரில் ஒருவருக்கு ஒரு தூண்டில், பனியில் இரண்டு! 1980களில் டேவ் கென்ஸ் என்பவர் மடித்து இழுத்துப் போகும் கூடாரத்தைப் பரப்பிய பிறகு, பனிக்காரனும் இடம் மாறக் கற்றுக்கொண்டான். லோரன்ஸ் காட்டிய வழியில் மீன் காட்டும் பெட்டிகள் பனிக்கும் வந்துவிட்டன.

இதுவரை ஜாலியான கதை. இனி இதன் கசப்பான பக்கம்.

ஒஜிப்வே மக்கள் 1837லும் 1842லும் அமெரிக்க அரசோடு செய்த ஒப்பந்தங்களில் பெரும் நிலப்பரப்பை விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் அந்த நிலத்தில் வேட்டையாட, மீன் பிடிக்க, காட்டு விளைபொருள் சேகரிக்கத் தங்களுக்குள்ள உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. மாநில அரசுகள் அதைக் கண்டுகொள்ளாமல், ஒதுக்கப்பட்ட எல்லைக்கு வெளியே பிடித்தவர்களைக் கைது செய்துகொண்டிருந்தன. 1974 மார்ச்சில் விஸ்கான்சினின் லக் கூர்ட் ஓரெய் பகுதியைச் சேர்ந்த ஃபிரெட், மைக் டிரிபிள் என்ற இரண்டு சகோதரர்கள், உறைந்த ஏரி ஒன்றில் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய், வேண்டுமென்றே பனியில் ஒரு துளை போட்டு ஈட்டியால் மீன் குத்தினார்கள். மாநில அதிகாரிகள் வழக்குப் போட்டார்கள். சகோதரர்கள் எதிர்பார்த்ததும் அதுதான். அந்தத் துளையிலிருந்து கிளம்பிய வழக்கில் 1983ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது.

தீர்ப்பு வந்ததும் ஒஜிப்வே மக்கள் வசந்த காலத்தில் பழையபடி படகில் ஈட்டியோடு போனார்கள். படகு இறக்கும் துறைகளில் கூட்டம் கூடியது. "எங்கள் மீனை அழிக்கிறார்கள்" என்று கோஷம், இனவெறி வசவு, கல்லெறி. 1980களின் பிற்பகுதியில் ஆண்டுதோறும் இது நடந்தது. பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர்களும் இந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்பதுதான் வேதனை. 1991ல் நீதிமன்றம் தொந்தரவு செய்பவர்களுக்குத் தடை விதித்த பிறகே அடங்கியது. மினசோட்டாவின் மில் லாக்ஸ் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1999ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒஜிப்வே மக்கள் வென்றார்கள். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம்!

"எது ஜாலி?" என்ற கேள்வியைக் கேட்பதற்கே ஒரு சௌகரியம் வேண்டும் என்று எனக்குப் புரிந்தது இதைப் படித்தபோதுதான். ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதாக இருப்பது, இன்னொருவருக்குத் தாத்தா கையெழுத்துப் போட்டுக் காப்பாற்றிக் கொடுத்த உரிமையாக இருக்கிறது. பனியும் படகும் அவர்களுக்குப் போட்டி இல்லை. குளிர்காலத்தில் அது, வசந்தத்தில் இது, இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு வருடம்.

ஆபத்தையும் சொல்ல வேண்டும். மினசோட்டா இயற்கைவளத் துறையின் கணக்குப்படி, நடந்து போகவே புதிய தெளிந்த பனிக்கட்டி 4 அங்குலம் இருக்க வேண்டும். கார் போக அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அப்போதும் எந்தப் பனியும் முழுப் பத்திரம் இல்லை என்றே சொல்கிறார்கள். 2009 பிப்ரவரியில் ஈரி ஏரியில் பனிப்பாளம் பிளந்து காற்றில் நகர்ந்துவிட, சுமார் 130 பேரை ஹெலிகாப்டரிலும் படகிலும் மீட்டார்கள். ஒருவர் இறந்தார். விரிசலைத் தாண்ட மரச்சட்டங்களைப் பாலம் மாதிரி போட்டுக்கொண்டு போயிருந்தார்கள் அந்த மனிதர்கள்! 2023 டிசம்பரில் மினசோட்டாவின் அப்பர் ரெட் ஏரியில் இதே மாதிரி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாட்டினார்கள். படகும் சாதுவில்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், படகு விபத்தில் மூழ்கி இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதவைச் சட்டை போடாதவர்கள். ஆக, படகில் சட்டை காப்பாற்றும். பனியில் பனியேதான் காப்பாற்ற வேண்டும்.

அந்தப் பனி இனி எத்தனை காலத்துக்கு? இதற்கு ஜப்பானின் சுவா ஏரியைப் பார்க்க வேண்டும். அங்கே பனி விரிந்து சுருங்கும்போது ஏரிக்குக் குறுக்கே பெரிய மேடு எழும்பும். அக்கரைக் கோயிலில் இருக்கும் தேவியைப் பார்க்க இக்கரை சாமி நடந்து போன தடம் அது என்று ஐதீகம். 1443லிருந்து கோயில் பூசாரிகள் வருடாவருடம் அதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். உலகின் மிகப் பழைய பனிக் கணக்குகளில் ஒன்று. பழைய நூற்றாண்டுகளில் ஏரி உறையாத வருடங்கள் அபூர்வம். 20ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து உறையும் வருடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. 2018ல் தடம் தெரிந்தது, அதன் பிறகு பல ஆண்டுகள் தொடர்ந்து இல்லை. ஒரு காலத்தில் அந்த ஏரியில் துளை போட்டு வகாசாகி என்ற விரல் நீள மீனைப் பிடித்தவர்கள் ஏராளம். இப்போது கூரை போட்ட, சூடேற்றிய பெரிய படகுக்குள் உட்கார்ந்து, தரையில் விட்டிருக்கும் திறப்பு வழியாகத் தூண்டில் விடுகிறார்கள். பனிக்குடிசை மாதிரியே இருக்கும், பனிதான் இல்லை.

சரி, தீர்ப்பு சொல்லாமல் ஓடினால் விடமாட்டீர்கள். மீன் பிடிக்கிற திறமை, தேடல், துரத்தல் இவைதான் சுகம் என்றால் படகுக்கே என் ஓட்டு. சந்தேகமே வேண்டாம். ஆனால் ஒரு பொழுதின் சுகம் என்று பார்த்தால் நான் பனித்துளை பக்கம். காரணம் தோரோ அளந்த கதையில் இருக்கிறது. உறைந்த ஏரி தரையாகிவிடுகிறது. கோடையில் நடு ஏரி படகு வைத்திருப்பவனுக்கு மட்டும்தான். கரையில் நிற்பவன் எட்டும் தூரம் வீசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். குளிர்காலத்தில் ஒரு பாட்டியும் பேரனும் ஒரு கவிழ்த்த வாளியும் ஒரு முழத் தூண்டிலும் எடுத்துக்கொண்டு, கோடையில் மோட்டார் படகு நின்ற அதே இடத்துக்கு நடந்தே போய் உட்கார்ந்துவிடலாம். டிவி, கட்டில், குளியலறை வைத்த சக்கர வீடுகள் இப்போது பனி மேலும் வந்துவிட்டன என்பது உண்மைதான். ஆனாலும் வாளிக்காரப் பாட்டியை அங்கிருந்து யாரும் எழுப்ப முடியாது, பனி கெட்டியாக இருக்கும் வரை.

அந்த "வரை"தான் எனக்கு உறுத்துகிறது. படகின் சுகத்தைக் காசு கொடுத்து எந்தக் காலத்திலும் வாங்கிக்கொள்ளலாம். மற்றதைக் குளிர்காலம் கொடுத்தால்தான் உண்டு. நீங்கள் எந்தக் கட்சி, ஏன் என்று சொல்லுங்கள். "மீன் குழம்பு கட்சி" என்கிற பதில் செல்லாது, அது எனக்கே முதலில் தோன்றிவிட்டது :)